இருவர் பேசாமல் நின்றோம்

அந்த வாக்கியத்தை எழுதியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏழு மணி பத்து நிமிடத்துக்கு. அழிப்பதற்கு நேரம் இருந்தது. ஏழரைக்குத்தான் அது வெளியே போகும். அந்த இருபது நிமிடமும் நிலவரக்காரர் அதைத் திரும்பத் திரும்பப் படித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

பதினோரு வருடமாக அவர் தூண்டில் கடையில் வேலை செய்கிறார். பிழைப்புக்காக வலை போடுகிறவர்கள் அங்கே வருவதில்லை. பொழுதுபோக்குக்காகக் கரையில் நின்று மீன் பிடிக்கிறவர்களின் கடை அது. சுவர் முழுக்க ராடுகள், கண்ணாடிப் பெட்டிக்குள் ரீல்கள், டப்பா டப்பாவாக முள்ளும் ஈயமும், மூலையில் காற்றுக் குழாய் கொப்பளிக்கும் தொட்டியில் உயிர் இறால். கடை திறப்பதற்கு முன்பு அவர் கடற்பாலத்தின் முனைக்குப் போவார். வாளியைக் கயிற்றில் இறக்கித் தண்ணீர் மொண்டு, வெப்பமானியை மூன்று நிமிடம் அதில் வைத்திருப்பார். பிறகு நடுவில் ஓட்டை போட்ட வெள்ளைத் தட்டு ஒன்றை முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்குவார். எத்தனையாவது முடிச்சில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் அன்றைக்குத் தண்ணீரின் தெளிவு. காற்று எந்தப் பக்கம், அலை எத்தனை அடி, தண்ணீர் எப்போது ஏறி எப்போது இறங்கும் என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு கடைக்கு வந்து ஆறு கட்டங்களை நிரப்புவார். வடக்கு அலைத்தடுப்பு, கடற்பாலம், மணற்கரை, கிடங்குக் கரை, ஆற்று முகத்துவாரம், தெற்குப் பாறை. எங்கே என்ன மீன் கடிக்கிறது, எந்த இரைக்கு, எந்த நேரத்தில். இதுதான் 'இன்றைய கடல் நிலவரம்'. கடை வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதப்படும், ஃபோனிலும் போகும். ஆயிரம் பேருக்கு மேல் படிக்கிறார்கள். அவருடைய சொந்தப் பெயர் அவர்களில் யாருக்கும் தெரியாது.

ஆறு இடத்துக்கும் ஒரே ஆள் போய்ப் பார்க்க முடியாது. முந்தின நாள் போய்வந்தவர்கள் சொல்வதை வைத்துத்தான் எழுத வேண்டும். சொல்கிறவர்களோ மீன் பிடிக்கிறவர்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு கழித்தல் வைத்திருந்தார். முழக்கோல் என்று எல்லாரும் கூப்பிடும் ஓய்வுபெற்ற தபால்காரர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினால் அதில் பாதிதான் மீன். லாரி ஓட்டுபவர், "ஒண்ணுமே இல்லண்ணே, சுத்த வேஸ்ட்டு" என்று உதட்டைப் பிதுக்கினால் பை நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். வடக்கே பிடித்தேன் என்று ஒருவர் சொன்னால் தெற்கே போய்ப் பார்க்க வேண்டும்.

"அவனவன் புளுகட்டும் தம்பி," என்பார் கடையின் முதலாளியம்மா. "புளுகாம மீன் புடிச்சா அந்த மீனுக்கே ருசி இருக்காது. ஆனா நம்ம பலகைய மட்டும் யாரும் கழிக்காம படிக்கணும்."

அப்படித்தான் படித்தார்கள். இன்னொரு வழக்கமும் இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாரும் காத்த வழக்கம். கட்டம் பெரியது. 'தெற்குப் பாறை' என்று எழுதலாம். எந்தப் பாறை என்று எழுதக் கூடாது. ஒருவர் பல வருடம் அலைந்து கண்டுபிடித்து நிற்கும் இடம் அவருடையது. தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருக்க வேண்டும்.

கண்ணாடிக்காரருக்கு மட்டும் கழித்தலே தேவைப்பட்டதில்லை. அவர் எதுவும் சொல்வதில்லை. கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். செவ்வாய்க்கிழமை அவருக்கு விடுமுறை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் திங்கட்கிழமை மாலையில் வந்து பன்னிரண்டு உயிர் இறால் வாங்கிக்கொண்டு, காசைக் கொடுத்து, தலையை ஒரு முறை அசைத்துவிட்டுப் போவார். நான்கு வருடமாக இப்படியே. எங்கே போகிறீர்கள், என்ன கிடைத்தது என்று நிலவரக்காரர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது தன் பங்குக்குத் தான் செய்யும் ஒரு மரியாதை என்று நினைத்திருந்தார். அது மரியாதைதான். கூடவே கொஞ்சம் பயமும். கேட்டால் வராமல் போய்விடுவாரோ என்கிற பயம்.

ஒரு திங்கட்கிழமை கண்ணாடிக்காரர் இறால் பையை வாங்கிக்கொண்ட பிறகும் நின்றார்.

"நாளைக்குக் காலைல உங்களுக்கு வேல இருக்கா?"

"தண்ணி பாக்கணும். அஞ்சே முக்காலுக்கு முடிஞ்சிடும்."

"அதுக்கப்புறம் உப்புக் கிடங்குக்குப் பின்னால வாங்க. ராடு வேணாம். என்கிட்ட ரெண்டு இருக்கு."

அவர் போன பிறகு முதலாளியம்மா தொட்டிப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "அந்த மனுஷன் பேசுவாரா? நான் ஊமைன்னு நெனச்சு அவருக்கு மட்டும் ரெண்டு இறால் கூடப் போட்டுட்டிருந்தேன்."

உப்புக் கிடங்கை மூடி வருடக்கணக்காகிவிட்டது. பின்சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கஜ அகலத்தில் சிமெண்டுத் திட்டு. சுவரில், முன்பு படகு கட்டிய இரண்டு இரும்பு வளையங்கள். வளையத்துக்கு நேர் கீழே தண்ணீருக்குள் ஏதோ பழைய தூண் முறிந்து கிடக்கிறது. தண்ணீர் இறங்கத் தொடங்கும்போது சின்ன மடவை மீன்கள் அந்தத் தூணைச் சுற்றி ஒதுங்கும். அவற்றுக்காகக் கொடுவா வந்து நிற்கும். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் அந்த இறக்கம் செவ்வாய் விடியற்காலைக்குச் சரியாக வந்து சேரும். இதையெல்லாம் கண்ணாடிக்காரர் விளக்கவில்லை. ராடை நீட்டினார், வளையத்தைக் கையால் காட்டினார், அவ்வளவுதான்.

முதல் நாள் இருவரும் சேர்த்துப் பேசியது பத்து வார்த்தை இருக்கும். இரண்டாவது முறை கண்ணாடிக்காரர் திடீரென்று திரும்பிப் பார்த்து, "உங்க கண்ணாடி வலப்பக்கம் எறங்கியிருக்கு" என்றார். சட்டைப் பையிலிருந்து விரல்நீளத் திருப்புளியை எடுத்து, கண்ணாடியைக் கழற்றி வாங்கி, திருகி, திரும்ப மாட்டிவிட்டார். மாட்டும்போது அவர் விரல்நுனி நிலவரக்காரரின் காதோரத்தில் பட்டது. தன்னை இன்னொருவர் தொட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று நிலவரக்காரர் அன்று மதியம் வரை யோசித்துக்கொண்டிருந்தார்.

சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் அவர் இருந்தார். மனைவி பிரிந்து போய்ப் பதினான்கு வருடம். மகள் கல்யாணமாகித் தொலைவில். மாலை ஏழு மணிக்குக் கதவைச் சாத்தினால் காலை ஐந்து வரை அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது. ஆனால் அது மௌனம் இல்லை என்பது கிடங்குத் திட்டில் நின்றபோதுதான் தெரிந்தது. அறையில் அவர் பேசாமல் இருந்தது, பேச ஆள் இல்லாததால். பேசாமல் இருப்பதற்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. இரண்டடி தள்ளி ஒருவர் மூச்சு விடுகிறார், எப்போதாவது கனைக்கிறார், தூண்டில் நரம்பைச் சுற்றுகிறார். கேள்வி கேட்கவும் மாட்டார், பதில் எதிர்பார்க்கவும் மாட்டார். அந்த ஒரு மணி நேரத்துக்காக நிலவரக்காரர் பதினான்கு நாட்களை எண்ண ஆரம்பித்தார்.

நான்காவது முறை அவர் தூண்டிலில் கொடுவா விழுந்தது. இழுவையில் முதலில் தூண் சிக்கிவிட்டது என்றுதான் நினைத்தார். பிறகு தூண் நகர்ந்தது. கண்ணாடிக்காரர் தன் ராடைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து கைவலையை நீட்டினார். மீன் இரண்டு முறை வலை விளிம்புவரை வந்து திரும்பி ஓடியது. மூன்றாவது முறை வலைக்குள் வந்தது. நான்கு கிலோ தேறும். வெள்ளி உடம்பு, விடியல் வெளிச்சத்தில் சிவந்து தெரியும் கண்.

கண்ணாடிக்காரர் சிரித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. நான்கு வருடத்தில் முதல் முறை.

"எடுத்துட்டுப் போங்க," என்றார்.

"நான் ஒருத்தன். இத வச்சு ஒரு வாரம் திங்கணும்."

"அப்ப?"

"விட்டுடலாமா?"

கண்ணாடிக்காரர் முள்ளைக் கழற்றினார். நிலவரக்காரர் மண்டியிட்டு, இரண்டு கையிலும் மீனைத் தண்ணீருக்குள் பிடித்திருந்தார். அது கொஞ்ச நேரம் செவுள் அசைத்துக்கொண்டு கையிலேயே நின்றது. பிறகு போய்விட்டது.

கடைக்கு நடந்துவரும்போது அவருக்குள் ஒரு தவிப்பு. இதுவரை எழுதியதெல்லாம் மற்றவர்கள் பிடித்த மீன். அவர்கள் பார்த்தது, அவர்கள் சொன்னது, அதில் இவர் கழித்தது. இன்றைக்குத்தான் தன் கையில் ஒரு மீன் வந்து நின்றது. அதையும் விட்டாயிற்று. எழுதாவிட்டால் அந்தக் காலை நடந்ததற்கே ஒரு அடையாளமும் இல்லை. மேசையில் உட்கார்ந்து ஐந்து கட்டங்களை வழக்கம்போல் நிரப்பினார். கிடங்குக் கரைக்கு வந்ததும் கை தானாக எழுதியது:

'உப்புக் கிடங்கின் பின்சுவரில் இரும்பு வளையங்களுக்கு நேரே, தண்ணீர் இறங்கத் தொடங்கிய முதல் முக்கால் மணி நேரம். உயிர் இறால். நான்கு கிலோ கொடுவா ஒன்று, திரும்ப விடப்பட்டது. இருவர் பேசாமல் நின்றோம்.'

ஏழரைக்கு அது போய்விட்டது.

"என்ன தம்பி, இன்னிக்குக் கவிதை மாதிரி இருக்கு?" என்றார் முதலாளியம்மா, பலகையைப் படித்துவிட்டு. மத்தியானம் மகள் கூப்பிட்டாள். "யாருப்பா அந்த ரெண்டாவது ஆளு? ரெண்டு பேர்னு போட்டிருக்கீங்க?" அவள் குரலில் இருந்த சந்தோஷம் அவரைத் தொற்றிக்கொண்டது. "தெரிஞ்சவர்," என்றார். "கண்ணாடிக் கடை வச்சிருக்கார்." அதைச் சொல்லும்போது முதலாளியம்மாவும், ஈயம் வாங்க வந்திருந்த முழக்கோலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் தொட்டியில் இறால் தீர்ந்துவிட்டது. முதலாளியம்மா இரண்டாவது லோடுக்குச் சொல்லி அனுப்பினார். பதினொரு மணிக்கு முழக்கோல் வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்து, நிலவரக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அண்ணே, வளையத்துக்கு நேரா போட்டேன். சொல்லி வச்ச மாதிரி வந்துச்சு பாருங்க! இவ்ளோ!" கையை விரித்தார். "எத்தனை வருஷமா இந்தக் கரையில சுத்துறேன், இப்படி ஒருத்தரும் அட்ரஸ் போட்டுச் சொன்னதில்ல. நீங்க மகராசன்."

அட்ரஸ். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் நிலவரக்காரருக்கு உறைத்தது. பலகைக்கு ஓடிப் பார்த்தார். பலகையில் சனிக்கிழமை நிலவரம்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை எழுதியது என்றைக்கோ அழிந்து, ஆயிரம் ஃபோன்களுக்குள் உட்கார்ந்திருந்தது.

அடுத்த தவணைத் திங்கட்கிழமை கண்ணாடிக்காரர் இறாலுக்கு வரவில்லை. நிலவரக்காரர் பன்னிரண்டு இறாலைத் தனியாக ஒரு வாளியில் எடுத்து வைத்துக் கடை அடைக்கும் வரை பார்த்துவிட்டுத் திரும்பத் தொட்டியில் விட்டார்.

மறுநாள் விடியற்காலை கிடங்குக்குப் பின்னால் பத்தொன்பது பேர் நின்றார்கள். எண்ணிப் பார்த்தார். திட்டில் இடம் இல்லாமல் சுவர்மேல் நான்கு பேர் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நரம்பு இன்னொருவர் நரம்பில் சிக்கி, "யோவ், நேரா போடத் தெரியாதா? துணி காயப் போடுறியா?" என்று கத்திக்கொண்டிருந்தார். வளையம் ஒன்றில் யாரோ டீ ஃபிளாஸ்க்கை மாட்டியிருந்தார்கள்.

கிடங்கின் முனையில் கண்ணாடிக்காரர் வந்து நின்றார். கையில் ராடு இல்லை. கொண்டுவரவே இல்லை. பார்ப்பதற்காக மட்டும் வந்திருந்தார். கூட்டத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். பிறகு நிலவரக்காரரைப் பார்த்தார்.

நிலவரக்காரர் அவரிடம் வேகமாகப் போனார். "நான் வேணும்னு..."

"படிச்சேன்," என்றார் கண்ணாடிக்காரர். "நல்லா எழுதியிருந்தீங்க."

சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார். குரலில் கேலியோ கோபமோ இல்லை. இருந்திருந்தால் பின்னாலேயே போயிருக்கலாம்.

அன்று நிலவரக்காரர் பதினோரு வருடத்தில் முதல் பொய்யை எழுதினார். கிடங்குக் கரை: தண்ணீர் கலங்கல், மூன்றாவது முடிச்சு. கசடு அதிகம். மீன் இல்லை. தட்டு உண்மையில் ஏழாவது முடிச்சில்தான் மறைந்தது. பலகையில் எழுதும்போது சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. கூட்டம் கலைந்துவிடும், இரண்டு தவணை போனால் திட்டு காலியாகிவிடும், அப்போது போய்ச் சொல்லலாம் என்பது அவர் கணக்கு.

வியாழக்கிழமை அங்கே முப்பது பேருக்கு மேல். மாலையில் லாரி ஓட்டுபவர் கடைக்குள் வந்து நிலவரக்காரரின் தோளில் ஓங்கி ஒரு அறை வைத்தார்.

"வாங்கண்ணே, நீங்களும் நம்மாளாயிட்டீங்க!"

"என்ன?"

"'மீன் இல்லை'ன்னு போட்டீங்க பாருங்க, அப்பவே புரிஞ்சு போச்சு. இத்தன நாளு இருக்கிறத இருக்குன்னே எழுதுன மனுஷன் திடீர்னு இல்லன்னா என்ன அர்த்தம்? மூட்ட மூட்டையா இருக்குன்னு அர்த்தம். நானே பத்து பேருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்."

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். முழக்கோலுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. நிலவரக்காரரும் சிரிப்பது போல் வாயைத் திறந்தார். தன் பெயருக்கு எதிரிலும் இப்போது ஒரு கழித்தல் எழுதப்பட்டுவிட்டது.

எல்லாரும் போன பிறகு முதலாளியம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பொய்யா எழுதினியா?"

"ஆமாங்க்கா."

"அந்தக் கண்ணாடிக்காரருக்காகவா?"

அவர் மேசையில் கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்து டப்பாவில் போட்டார்.

"ஊர் வாய மூட ஒல மூடி தேடினியாக்கும்," என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "நாளைக்குத் திருத்தி எழுதிடு. பலகை போச்சுன்னா கட வெறும் கடதான்," என்றார்.

மறுநாள், 'கிடங்குக் கரை பற்றி எழுதியது தவறு' என்று எழுதினார். அதற்கும் கூட்டம் வந்தது.

இரண்டு வாரத்தில் முடிவு தானாக வந்தது. ஒருவர் திட்டிலிருந்து வழுக்கி விழுந்து முறிந்த தூணில் காலைக் கிழித்துக்கொண்டார். பதினாறு தையல். கிடங்குக்குச் சொந்தக்காரர்கள் ஆள் அனுப்பி, இரண்டு பக்கமும் தகரம் அடித்துப் பூட்டுப் போட்டார்கள். இனி அங்கே யாரும் நிற்க முடியாது.

பூட்டுப் போட்ட மறுநாள் மதியம் நிலவரக்காரர் கண்ணாடிக் கடைக்குப் போனார். வாசலில் கொஞ்ச நேரம் நின்று ஃபிரேம்களைப் பார்ப்பது போல் பார்த்தார். கண்ணாடிக்காரர் உள்ளிருந்து பார்த்துவிட்டு, "வாங்க, உக்காருங்க" என்றார். எல்லா வாடிக்கையாளர்களிடமும் சொல்கிற அதே குரல். சோதனை அறைக்குள் நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சோதனைச் சட்டத்தை மூக்கின் மேல் மாட்டி, விளக்கை அணைத்தார். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் ஒளிர்ந்தது.

"இதுல நல்லா தெரியுதா, இதுலயா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"அவசரப்படாதீங்க. மறுபடி பாருங்க. இது... இது."

"மொதல்ல காட்டினது."

லென்ஸ் மாறும் சத்தம். இருட்டில் முகம் தெரியாதது வசதியாக இருந்தது.

"எடத்த எழுதினது என் தப்பு," என்றார் நிலவரக்காரர். "யோசிக்கவே இல்ல. அப்புறம் அத மூடப்போய் இன்னும் மோசமாப் போச்சு. இப்ப பூட்டே போட்டுட்டாங்க."

"எடம் போனதுக்கு நான் ஒண்ணும் நெனக்கல. தேடினா இன்னொண்ணு கெடைக்கும்."

"பின்ன?"

இன்னொரு லென்ஸ் விழுந்தது. எழுத்துகள் மங்கி, திரும்பத் தெளிந்தன.

"கடைசியில ஒண்ணு எழுதினீங்களே. அத ஏன் எழுதினீங்க?"

"எது?"

"பேசாம நின்னோம்னு."

நிலவரக்காரர் யோசித்தார். உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. "சந்தோஷத்துல."

"அது தெரிஞ்சுது, படிக்கும்போதே." கண்ணாடிக்காரர் சட்டத்திலிருந்து ஒரு லென்ஸை உருவினார். "நாள் பூரா இங்க பேசணும். இதுல தெரியுதா, அதுல தெரியுதா. வீட்ல அம்மாவுக்குக் காது கேக்காது, கத்தணும். அங்க ஒரு மணி நேரம்தான் வாய மூடிட்டு நிப்பேன். பக்கத்துல ஒருத்தர் அத கலைக்காம நிக்க முடியும்னு உங்களப் பாத்துத்தான் தோணுச்சு. போன வாரம் ஒருத்தர், இதே நாற்காலியில உக்காந்துட்டு, 'சார், அந்த ரெண்டாவது ஆள் நீங்கதானாமே, ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களாமே, புருஷன் பொண்டாட்டி சண்டையா'ன்னு கேட்டுச் சிரிக்கிறார். நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?"

"இனிமே எழுத மாட்டேன்."

"உங்களால எழுதாம இருக்க முடியாதுங்க. பாத்தா எழுதணும். அது உங்க கை." கோபமில்லாமல், பவர் சொல்வது போலத்தான் சொன்னார். "கடைசி வரி படிங்க."

நிலவரக்காரர் படித்தார். ஒரு எழுத்தும் தப்பவில்லை. விளக்கு எரிந்தது. கண்ணாடிக்காரர் சீட்டில் ஏதோ எழுதி, அதைக் கொடுக்காமல் கிழித்துப் போட்டார்.

"பவர் மாறவே இல்ல. புதுசு தேவையில்ல. இனி ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா போதும்."

சோதித்ததற்கு எவ்வளவு என்று நிலவரக்காரர் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றார் கண்ணாடிக்காரர். அதுவும் வலித்தது.

அதன் பிறகு நிலவரம் முன்பு போலவே வந்தது. காற்று, அலை, முடிச்சு, மீன். ஒரு சொல் கூடுதலாக இல்லை. மெல்ல மெல்ல ஆட்கள் பலகையைக் கழிக்காமல் படிக்கத் தொடங்கினார்கள். அதற்கு மூன்று மாதம் ஆயிற்று. கண்ணாடிக்காரர் கடைக்கு வரவில்லை. இறாலை வேறு எங்கே வாங்குகிறாரோ, மீன் பிடிப்பதையே விட்டுவிட்டாரோ, தெரியவில்லை. சில திங்கட்கிழமைகளில் முதலாளியம்மா வாசலைப் பார்ப்பார், பிறகு நிலவரக்காரரைப் பார்ப்பார்.

அந்த மாதங்களில் ஆற்று முகத்துவாரம் என்ற கட்டம் பல நாள் காலியாகவே கிடந்தது. மணல் மேடிட்டதால் யாரும் அங்கே போவதில்லை. எதிர்க்கரைக்குப் போக ஆறு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அடுத்தடுத்து மூன்று வாரம் காலி விட்டது உறுத்தவே, ஒரு செவ்வாய்க்கிழமை கடற்பாலத்து வேலையை முடித்துக்கொண்டு நிலவரக்காரர் முகத்துவாரத்துக்கு நடந்தார். காற்று தெற்கிலிருந்து மெல்ல வந்தது. தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது.

எதிர்க்கரையில், சாய்ந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பக்கத்தில், ஒருவர் நின்றிருந்தார். நடுவே இருநூறு மீட்டர் தண்ணீர். முகம் தெரியவில்லை. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. இடது காலில் பாரம் போட்டு, ராடை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து நிற்கும் அந்த நிலையை அவர் நான்கு விடியற்காலை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

திரும்பிவிடலாம் என்று நினைத்த நேரத்தில் எதிர்க்கரை ராடு வளைந்தது. அது வளைந்த விதத்தைப் பார்த்ததும் நிலவரக்காரரின் கைகள் தாமாக இறுகின. கண்ணாடிக்காரர் இரண்டு முறை நரம்பை விட்டுக்கொடுத்தார், மூன்றாவது முறை விடாமல் சுற்றினார். குனிந்தார். எழுந்தபோது கையில் இருந்த மீன் வெயிலில் ஒரு முறை பளிச்சென்றது. கிடங்கில் பிடித்ததைவிட அது பெரியது. கண்ணாடிக்காரர் அதைத் தண்ணீரில் வைத்துக் காத்திருந்து, விட்டார்.

நிமிர்ந்தவர் இந்தக் கரையைப் பார்த்தார்.

நிலவரக்காரர் கையைத் தூக்கவில்லை. இப்போது அவர் ராடைக் கழற்றிப் பையில் போடுவார், நாளைக்கு இந்த மரத்தடியையும் விட்டுவிடுவார் என்று தோன்றியது. தானே முதலில் போய்விடுவது நல்லது. ஆனால் விறுவிறென்று போனால், எழுதுவதற்கு ஓடுவது போல் இருக்கும். என்ன செய்வதென்று தெரியாமல் மணலில் உட்கார்ந்தார்.

கண்ணாடிக்காரர் வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு டப்பாவைத் திறந்து, ஒரு இறாலை எடுத்து முள்ளில் மாட்டி, வீசினார்.

தண்ணீர் முழுவதும் இறங்கும் வரை இருவரும் இருந்தார்கள்.

கடைக்கு வந்தபோது மணி ஒன்பது. "ஏழரை நிலவரத்த ஒம்போது மணிக்குக் கொண்டாந்தா அது நிலவரமா, வரலாறா?" என்றார் முதலாளியம்மா. "எங்க போயிருந்த?"

"முகத்துவாரம்."

"இவ்வளவு நேரமா? என்ன இருந்துச்சு?"

நிலவரக்காரர் மேசையில் உட்கார்ந்து ஐந்து கட்டங்களை நிரப்பினார். ஆறாவதில் காற்று, தண்ணீரின் நிறம், இறக்க நேரம். மீனுக்கான வரியில் பேனாவை வைத்துவிட்டு எடுத்தார். முதலாளியம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இங்க மீன் இருந்துச்சா, இல்லையா?"

"எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லலங்க்கா."

முதலாளியம்மா அவர் முகத்தைப் பார்த்தார். கால்சட்டையில் முழங்கால் வரை ஒட்டியிருந்த ஈர மணலைப் பார்த்தார்.

"சரி," என்றார். "மூணு வாரமா காலிதானே. இன்னிக்கும் அப்படியே இருக்கட்டும்."

சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்கு அவரே போனார். நிலவரக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். எவ்வளவு பெரிய மீன். கைகளை மேசைக்கு அடியில் மெல்ல விரித்து, அந்த நீளத்தை ஒரு முறை அளந்து பார்த்துவிட்டு, சேர்த்துக்கொண்டார்.